டிரெய்லர் பிரேக்குக்கும் வைத்தியம் வேண்டும்



இந்தச் சுகாதாரப் பகுதியில் வழக்கமாக இனிப்புநீர், இரத்தக் கொதிப்பு, டெங்கிக் காய்ச்சல், எலிக்காய்ச்சல் என்று நோய்களைப் பற்றித்தான் பேசி வருகிறோம். இந்தத் தடவை டிராக்டருக்குப் பின்னால் ஓடுகிற டிரெய்லரின் பிரேக்கைப் பற்றிப் பேசப் போகிறேன். "டிரசருக்கு என்ன ஆச்சு? ஊசியைப் போட்டுட்டு ஸ்பேனரைத் தூக்கிட்டாரே!" என்று சிலர் சிரிக்கலாம். சிரியுங்கள், தப்பில்லை. ஆனால் முழுக்கப் படித்துவிட்டுச் சிரியுங்கள்.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் நான் மருந்து கட்டிய காலத்தில் முள் குத்தியவர், அரிவாள் பட்டவர், பாம்பு கடித்தவர் என்று எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலோர் சில நாளில் நடந்து வேலைக்குப் போனார்கள். டிரெய்லரில் அடிபட்டு வந்தவர்கள் அப்படி இல்லை. பத்து நிமிஷ வேலையில் சரிசெய்திருக்கக்கூடிய ஒரு கோளாறு, ஒரு குடும்பத்தை ஆயுசுக்கும் முடக்கிப் போட்டதை என் கண்ணால் பார்த்தேன். அதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

நான் வேலை பார்த்த ஒரு தோட்டத்தில், பழம் ஏற்றும் நான்கு சக்கர டிரெய்லர் ஒன்றுக்கு மின்சார பிரேக் பொருத்தியிருந்தார்கள். அந்த டிராக்டரை ஓட்டிய தம்பி ஒருநாள் முதுகு வலி என்று என்னிடம் வந்தார். "ஐயா, இறக்கத்துல டிரெய்லர் பின்னால இருந்து இடிக்குது. பிரேக் கொஞ்சம் லேசா இருக்கு. அதான் முதுகெல்லாம் நோவுது" என்றார். நான் என்ன செய்தேன்? முதுகுக்குத் தடவ மருந்தும் இரண்டு நாளைக்கு மாத்திரையும் கொடுத்து அனுப்பினேன். வலியைக் கேட்டேனே தவிர, வலி எங்கிருந்து வருகிறது என்று அவர் சொன்னதைக் கேட்கவில்லை.

அவர் மண்டோரிடமும் சொல்லியிருக்கிறார். "பெட்டியில இருக்கிற குமிழைக் கொஞ்சம் ஏத்தி வச்சுக்க தம்பி. இந்த வாரம் பழம் நிறைய இருக்கு, அடுத்த வாரம் பட்டறைக்கு விடலாம்" என்பது பதில். மண்டோர் கெட்ட மனுஷன் இல்லை. அவருக்கும் மேலிருந்து நெருக்கடி. குமிழை ஏற்றினார்கள், இரண்டு மூன்று நாள் பரவாயில்லை. மறுபடியும் ஏற்றினார்கள். மூன்றாவது வாரம் மழை பெய்த செம்மண் இறக்கத்தில், பழம் நிறைந்த டிரெய்லர் டிராக்டரைத் தள்ளியது. டிராக்டர் ஒரு பக்கம் திரும்ப, டிரெய்லர் இன்னொரு பக்கம் மடங்கியது. நடுவில் இருந்த இழுவைக் கம்பியின் மேல் நின்றுகொண்டு வந்தவர் பழம் ஏற்றுகிற பையன். டயருக்கும் டிரெய்லருக்கும் இடையில் அவருடைய கால் சிக்கியது. நான் கட்டுப்போட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அவருக்கு அப்போது கைக்குழந்தை.

மறுநாள் பட்டறைக்காரர் அந்த டிரெய்லரைப் பார்த்தார். அரை மணி நேரத்தில் கோளாறு தெரிந்துவிட்டது. எர்த் வயர் பிடித்திருந்த ஒரு போல்ட், உப்புப் பூத்துப் பச்சை பிடித்துக் கிடந்தது. பழம் ஏற்றாத நாளில் அதே டிரெய்லரில்தான் உரம் ஏற்றுவார்கள். உரம் பட்ட செம்பு வயர் என்ன கதி ஆகும் என்று நமக்குத் தெரியாதா? நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து 15 ஆம்பியர் கரண்டு ஓட வேண்டிய இடத்தில் 6 ஆம்பியர்தான் ஓடியிருக்கிறது. போல்ட்டைக் கழற்றி, தேய்த்து, புது முனை வைத்து முறுக்கியதும் பிரேக் பழையபடி பிடித்தது. போன கால் திரும்பி வரவில்லை.

குமிழ் மருந்து அல்ல

தோழர்களே, நான் சொல்ல வந்தது இதுதான். பலவீனமான பிரேக் என்பது நோய் அல்ல, நோயின் அறிகுறி. காய்ச்சல் எப்படியோ அப்படித்தான். காய்ச்சலுக்கு வெறும் மாத்திரையைப் போட்டு உடம்பை ஏமாற்றினால் உள்ளே இருக்கும் நோய் முற்றும். பிரேக் லேசானதும் குமிழை ஏற்றி வைப்பது அந்த மாத்திரைதான். காரணத்தைத் தேடாமல் குமிழைத் தொடக் கூடாது. அந்த அறிகுறியை முதலில் கண்டுபிடிக்கிறவர் டிரைவர். அவர் வாயைத் திறந்தால் கேட்க ஆள் வேண்டும். வண்டியை நிறுத்தினால் அவர் கூலியும், வெட்டுகிறவர்கள் கூலியும் போகக் கூடாது. இந்த இரண்டும் இல்லாத தோட்டத்தில் எத்தனை மருந்து அலமாரி இருந்தும் பிரயோஜனம் இல்லை.

மின்சார பிரேக் நம் பக்கத்துத் தோட்டங்களில் பரவலாக இருப்பது அல்ல. வட அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் அது சர்வசாதாரணம். ஆஸ்திரேலியாவில் ரோட்டில் ஓடும் டிரெய்லர் 750 கிலோவுக்கு மேல் போனால் பிரேக் இருந்தே ஆக வேண்டும். 2,000 கிலோவுக்கு மேல் போனால் எல்லாச் சக்கரத்துக்கும் பிரேக் வேண்டும். நம் செம்பனைக் காட்டில் அதைவிடப் பாரம் ஏற்றிக்கொண்டு, பிரேக்கே இல்லாத டிரெய்லர் இறக்கத்தில் இறங்குவதை எத்தனை தடவை பார்த்திருப்போம்! எண்ணெய் பிரேக்கோ, மின்சார பிரேக்கோ, உங்கள் தோட்டத்தில் எது இருந்தாலும் கீழே சொல்வதில் பாதி உங்களுக்குப் பொருந்தும். பிரேக்கே இல்லை என்றால், அதை முதலில் கேளுங்கள்.

எப்படி வேலை செய்கிறது?

டிரைவர் பிரேக் மிதித்ததும் டிராக்டரின் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து ஒரு சிறு பெட்டி வழியாக டிரெய்லருக்குக் கரண்டு போகிறது. எவ்வளவு கரண்டு போக வேண்டும் என்பதை அந்தப் பெட்டியில் உள்ள குமிழ் தீர்மானிக்கிறது. ஒவ்வொரு சக்கரத்தின் டிரம்முக்குள்ளும் ஒரு மின்காந்தம் இருக்கிறது. கரண்டு வந்ததும் அது சுழலும் டிரம்மின் உட்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். டிரம் அதைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போகும். அந்த இழுப்பில் ஒரு கை நகர்ந்து, இரண்டு பிரேக் ஷூவையும் விரித்து டிரம்மோடு அழுத்தும். அவ்வளவுதான் விஷயம்.

இதிலிருந்து இரண்டு செய்திகளை மனத்தில் வைக்க வேண்டும். ஒன்று, கரண்டு குறைந்தால் பிடிப்பும் குறையும். நம் உடம்பில் இரத்தம் குறைந்தால் கை கால் சோர்ந்து போகிற மாதிரி. இரண்டு, சக்கரம் சுழன்றால்தான் இந்த பிரேக் நன்றாகப் பிடிக்கும். ஆகவே இது நிறுத்தி வைக்கும் பிரேக் அல்ல. மேட்டில் டிரெய்லரை நிறுத்திப் பழம் ஏற்றும்போது "பிரேக் போட்டிருக்கு, ஓடாது" என்று நம்பி சக்கரத்துக்குப் பின்னால் யாரும் நிற்க வேண்டாம். நல்ல கனமான கட்டையை இறக்கப் பக்கத்தில் சக்கரத்துக்கு அடியில் வைத்த பிறகுதான் குலையைத் தொட வேண்டும்.

அறிகுறிகள்

டிரைவர் தம்பிமார்களே, உங்கள் உடம்புக்குத் தெரிவது மீட்டருக்குத் தெரிவதற்கு முன்னால் தெரியும். கீழே சொல்பவற்றில் ஒன்று இருந்தாலும் அலட்சியம் வேண்டாம்.

நேற்று நின்ற இடத்தில் இன்று நிற்காமல் நாலு அடி தள்ளி நிற்பது. இறக்கத்தில் டிரெய்லர் பின்னாலிருந்து இடிப்பது, அதனால் முதுகிலும் கழுத்திலும் வலி. போன வாரத்தைவிட இந்த வாரம் குமிழை அதிகம் ஏற்ற வேண்டியிருப்பது. பிரேக் பிடித்ததும் டிரெய்லர் ஒரு பக்கம் இழுப்பது. ஓடி வந்த பிறகு ஒரு டிரம் கையை அருகில் கொண்டுபோக முடியாமல் கொதிப்பது, பக்கத்து டிரம் சில்லென்று இருப்பது. கொதிக்கும் டிரம் கெட்டுப் போனது என்று நினைக்கிறோம். பல நேரம் அது தன் வேலையோடு பக்கத்துச் சக்கரத்தின் வேலையையும் சேர்த்துச் செய்கிறது. சில்லென்று இருப்பதுதான் சோம்பேறி.

ஆற்று நீரிலோ வெள்ளத்திலோ இறங்கி ஏறிய உடனே பிரேக் லேசாக இருந்தால் அது நனைந்ததனால். மெதுவாக ஓட்டி நாலைந்து தடவை பிடித்து விட்டால் காய்ந்துவிடும். காய்ந்த பிறகும் அப்படியே இருந்தால் கோளாறு வேறு.

பட்டறையில் எதை முதலில் பார்ப்பது?

இது மெக்கானிக் செய்யும் வேலை. இருந்தும் நமக்குத் தெரிந்திருந்தால்தான் "பார்த்தாச்சு, எல்லாம் சரி" என்று யாராவது சொல்லும்போது "எதைப் பார்த்தீங்க அண்ணே?" என்று மரியாதையோடு கேட்க முடியும்.

டிரெய்லரில் பாரம் இருக்கக் கூடாது. சமதளமாக இருக்க வேண்டும். சக்கரத்துக்குக் கட்டை. ஜாக்கி மட்டும் தாங்கி நிற்கிற டிரெய்லருக்கு அடியில் தலையை விடவே கூடாது. உறுதியான தாங்கி வைத்த பிறகுதான் குனிய வேண்டும்.

முதலில் பேட்டரி. எஞ்சின் ஓடாமல் இருக்கும்போது நல்ல பேட்டரியில் 12.6 வோல்ட் அளவு இருக்கும். எஞ்சின் ஓடும்போது 13.5 முதல் 14.5 வரை காட்டும். அது இல்லை என்றால் டிரெய்லரைக் குறை சொல்வதற்கு முன் டிராக்டரைப் பாருங்கள்.

இரண்டாவது வயர், பிளக், எர்த். என் அனுபவத்தில் இங்கேதான் அதிகம் ஏமாந்து போகிறோம். "லைட் எரியுதே, அப்போ கரண்டு வருதே!" என்பார்கள். இது தவறு. சிறு பல்பு எரியக் கொஞ்சம் கரண்டு போதும். அரிக்கப்பட்ட வயர் வழியாகக்கூட அது வந்துவிடும். மின்காந்தத்துக்கு அது பத்தாது. ஆகையால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கும்போதே அளக்க வேண்டும். ஒருவர் பிரேக் மிதிக்க, இன்னொருவர் சக்கரத்துக்குப் போகும் வயரில் வோல்ட் பார்க்க வேண்டும். குமிழை முழுதாக ஏற்றியும் பேட்டரியில் இருப்பதைவிட அங்கே ரொம்பக் குறைவாக இருந்தால் வழியில் எங்கேயோ திருட்டுப் போகிறது. அதேபோல் பேட்டரியின் எர்த் முனைக்கும் டிரெய்லர் பிரேக்கின் எர்த்துக்கும் இடையில், பிரேக் பிடித்தபடி அளந்தால், ஏறக்குறைய ஒன்றுமே காட்டக் கூடாது. ஒரு வோல்ட்டோ அதற்கு மேலோ காட்டினால் எர்த் கெட்டது என்று அர்த்தம். கொக்கியும் கொண்டியும் ஒன்றோடொன்று தொடுகிறதே, அதுவே எர்த்துக்குப் போதும் என்று விடக் கூடாது. துருவும் கிரீஸும் கரண்டைத் தடுக்கும். எர்த்துக்கென்று தனி வயர் வேண்டும்.

மூன்றாவது, கரண்டின் அளவு. 10 அங்குலம், 12 அங்குல டிரம்களில் ஒரு மின்காந்தம் 12 வோல்ட்டில் 3 முதல் 4 ஆம்பியர் வரை இழுக்கும். இரண்டு சக்கரத்துக்கு 7, 8 ஆம்பியர். நான்கு சக்கரத்துக்கு 15, 16 ஆம்பியர். பாதிதான் ஓடுகிறது என்றால் ஒரு பக்கம் வயர் அறுந்திருக்கலாம், அல்லது அந்தத் தோட்டத்தில் நடந்ததுபோல் எர்த் அரித்துப் போயிருக்கலாம். ஒன்றுமே இல்லை என்றால் முழுவதும் அறுந்தது. அளவுக்கு மேல் ஓடினால் எங்கேயோ வயர் தோல் உரிந்து இரும்பைத் தொடுகிறது.

நான்காவது, கரண்டு சரியாக ஓடியும் பிரேக் பிடிக்கவில்லை என்றால் டிரம்மைக் கழற்றிப் பார்க்க வேண்டும். ஷூ தேய்ந்து டிரம்முக்கும் அதற்கும் இடைவெளி அதிகமாகி இருக்கலாம். மின்சார பிரேக்குகளில் பல தானாகவே இடைவெளியைச் சரிசெய்துகொள்ளாது. கையால்தான் முடுக்க வேண்டும். சக்கரத்தைத் தூக்கி, சுற்றக் கஷ்டமாகும் வரை முடுக்கி, பிறகு லேசாக உரசும் அளவுக்குத் தளர்த்த வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது இதைச் செய்வது நல்லது. புது ஷூ போட்டால் கொஞ்சம் ஓடியதுமே மறுபடி பார்க்க வேண்டும்.

உள்ளே கிரீஸ் கசிந்து ஷூ ஊறிப் போயிருந்தால் மண்ணெண்ணெய் விட்டுக் கழுவிப் போடும் வேலை வேண்டாம். கிரீஸ் குடித்த ஷூ திரும்பப் பிடிக்காது. கசிகிற சீலை மாற்றி, அந்த அச்சின் இரண்டு பக்கத்து ஷூவையும் சேர்த்து மாற்ற வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் டிரெய்லர் ஒரு பக்கம் இழுக்கும். மின்காந்தத்தின் முகம் கோணலாகத் தேய்ந்திருக்கிறதா, டிரம்மின் உட்பக்கம் கோடு கோடாகக் கீறியிருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

இத்தனையும் பார்த்த பிறகுதான் குமிழ். சமதளத்தில், மெதுவான ஓட்டத்தில், சக்கரம் இழுபடாமல் நல்லபடி பிடிக்கிற அளவுக்கு வைக்க வேண்டும். பாரம் மாறினால் அதற்கேற்ப மறுபடி பார்க்க வேண்டும்.

தூசியில் ஒரு ஆபத்து

டிரம்மைக் கழற்றியதும் உள்ளே கறுப்புத் தூசி இருக்கும். அதை வாயால் ஊதுவதும், காற்றுக் குழாயால் அடிப்பதும் பட்டறைகளில் நடக்கிறது. செய்யாதீர்கள். பழைய பிரேக் ஷூவில் கல்நார் இருக்கக்கூடும். கல்நார்த் தூசி நுரையீரலில் தங்கினால், பல பத்தாண்டுகள் கழித்துப் புற்றுநோயாக வரலாம். அன்றைக்கு ஊதியது இன்றைக்கு நினைவில்கூட இருக்காது. ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டிப் போடுங்கள். வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் பசியாற உட்கார வேண்டும். அந்தச் சட்டையைப் பிள்ளைகள் துணியோடு சேர்த்துத் துவைக்க வேண்டாம், தாய்மார்களே.

ஓட்டும் முறையும் உண்டு

நல்ல பிரேக் இருந்தாலும் கெட்ட பழக்கம் ஆளைக் கொல்லும். இறக்கம் ஆரம்பிக்கும் முன்பே சின்ன கியரில் போட்டுவிட வேண்டும். எண்ணெய் மிச்சம் என்று பிரீ கியரில் இறங்கக் கூடாது. பல டிராக்டர்களில் வலது சக்கரத்துக்கும் இடது சக்கரத்துக்கும் தனித்தனி பிரேக் மிதி இருக்கும். டிரெய்லர் இழுக்கும்போது இரண்டையும் சேர்த்துப் பூட்டும் கொக்கியைப் போட்டே ஆக வேண்டும். இல்லாவிட்டால் ஒரு பக்கம் மட்டும் பிடித்து வண்டி திரும்பிவிடும்.

இழுவைக் கம்பியில் யாரும் நிற்கக் கூடாது. பழக் குலைமேல் யாரும் உட்கார்ந்து வரக் கூடாது. "அந்தக் காலத்துல எங்களை எல்லாம் டிரெய்லர்லதான் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போய் விட்டாங்க" என்று பெரியவர்கள் சொல்வார்கள். உண்மைதான், நானும் அப்படிப் போனவன்தான். விழாமல் போய்ச் சேர்ந்த நாம் இருந்து கதை சொல்கிறோம். விழுந்த பிள்ளை வந்து சொல்லாது.

அப்படியும் ஒருவர் சிக்கிக்கொண்டால் பதறிப்போய் டிராக்டரைப் பின்னுக்கு எடுக்காதீர்கள். எஞ்சினை நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். 999-க்கு அழையுங்கள். இரத்தம் வரும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். காப்பி, தண்ணீர் எதுவும் குடிக்கக் கொடுக்காதீர்கள். ஆப்பரேஷன் செய்ய வேண்டிவரும்.

யார் வண்டியை நிறுத்துவது?

இப்போது கசப்பான விஷயத்துக்கு வருகிறேன்.

இதையெல்லாம் படித்த டிரைவர் ஒருவர் நாளைக்கு "பிரேக் சரியில்ல, எடுக்க மாட்டேன்" என்று சொன்னால் என்ன நடக்கும்? முதலில் கோபப்படுவது துரை அல்ல. நம்ம ஆட்கள்தான். வெட்டுகிறவருக்கு டன் கணக்கில் கூலி. வெட்டிய பழம் ரோட்டோரம் கிடந்தால், ஒரு நாளுக்குள் மில்லுக்குப் போகாவிட்டால், எண்ணெயின் தரம் கெடும். அந்தப் பேச்சையும் நாம்தான் கேட்க வேண்டும். "இவன் ஒருத்தனால எங்க பொழப்பு போச்சு" என்ற பேச்சு பெரட்டில் எழும். அந்தப் பேச்சுக்குப் பயந்துதான் நான் முன்னே சொன்ன தம்பி மூன்று வாரம் ஓட்டினார். வெட்டுகிறவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அரிசிக்கும் பருப்புக்கும் கணக்குப் பார்க்கும் வீட்டில் ஒரு நாள் கூலி சின்ன விஷயம் அல்ல. ஆனால் கோபத்தைத் திருப்ப வேண்டிய திசை டிரைவர் அல்ல. ஒரு டிரெய்லர் படுத்தால் மாற்று டிரெய்லர் இல்லாமல் தோட்டம் நடத்துவது யார்? அவர்களைக் கேட்க வேண்டும்.

சட்டம் நம் பக்கத்தில் ஓரளவு நிற்கிறது. 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் நம் தோட்டங்களுக்கும் பொருந்தும். அதன் திருத்தம் 2024 ஜூன் 1 முதல் அமலில் இருக்கிறது. வேலையிடத்தில் உடனடி ஆபத்து இருக்கிறது என்று நியாயமான காரணத்தோடு நம்பும் தொழிலாளி அதை முதலாளியிடம் தெரிவிக்க வேண்டும். முதலாளி ஒன்றும் செய்யாவிட்டால் அந்த ஆபத்திலிருந்து விலகிக்கொள்ள அவருக்கு உரிமை உண்டு. அப்படி விலகியதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது என்றும் சட்டம் சொல்கிறது. கடமை தவறும் முதலாளிக்கு அபராதம் முன்பு 50,000 வெள்ளி வரை இருந்தது; இப்போது 500,000 வெள்ளி வரை போகலாம். 40 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும், அதில் தொழிலாளர் பிரதிநிதியும் இருக்க வேண்டும்.

ஆனால் கவனியுங்கள்: முதலில் தெரிவிக்க வேண்டும். வாயால் சொன்னது காற்றோடு போகும். ஒவ்வொரு டிரெய்லருக்கும் ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் போதும். தேதி, என்ன கோளாறு, யாரிடம் சொன்னது, என்ன செய்தார்கள். எழுதிய பக்கத்தைக் கைப்பேசியில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். எழுத வராதவருக்குப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை எழுதிக் கொடுக்கும்.

அடிபட்டால் முதலாளி 48 மணி நேரத்துக்குள் பெர்கேசோவுக்குத் தெரிவிக்க வேண்டும். "சின்ன அடிதானே, வீட்டுல ரெண்டு நாள் படுத்துக்க" என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் 2019 ஜனவரி 1 முதல் பெர்கேசோ விபத்துப் பாதுகாப்பு உண்டு. இன்று பல தோட்டங்களில் பழம் ஏற்றுவது இந்தோனேசியா, வங்காளதேசம், நேப்பாளத்திலிருந்து வந்தவர்கள். அவர்களுக்கு இந்தப் பக்கம் படிக்கத் தெரியாது. நீங்கள் மலாயில் எடுத்துச் சொல்லுங்கள். இழுவைக் கம்பியில் நிற்கும் கால் யாருடைய காலாக இருந்தாலும் கால்தான்.

ஆகவே கிளைக் கூட்டத்தில் மூன்று காரியங்களை எழுப்புங்கள். டிரெய்லர் ஒவ்வொன்றுக்கும் மாதம் ஒருமுறை பிரேக் பரிசோதனை, எழுத்தில். கோளாறு என்று டிரைவர் எழுதிய டிரெய்லர், பட்டறை கையெழுத்துப் போடும் வரை ஓடக் கூடாது. அது நிற்கும் நேரத்தில் டிரைவருக்கும் ஏற்றுகிறவருக்கும் வெட்டுகிறவருக்கும் கூலி குறையாமல் ஏற்பாடு, அல்லது மாற்று டிரெய்லர். மூன்றாவது இல்லாமல் முதல் இரண்டும் காகிதத்தோடு நிற்கும். பயந்த வயிறு வாயைத் திறக்காது.

முடிவாக ஒன்று. அந்தத் தம்பி என்னிடம் வந்த நாளை நான் அடிக்கடி நினைக்கிறேன். முதுகுக்கு மருந்து கொடுத்த கையோடு பட்டறைக்கு ஒரு சீட்டு எழுதி அனுப்பியிருந்தால் போதும். அது டிரசரின் வேலை இல்லை என்று அன்றைக்கு நினைத்தேன். யாருடைய வேலையும் இல்லை என்று எல்லோரும் நினைத்ததால்தான் ஒரு பையனின் கால் போயிற்று.

நாளைக் காலையில் பெரட்டு முடிந்ததும் டிராக்டர் தம்பியிடம் போய், "பிரேக் எப்படி இருக்கு தம்பி?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பதிலை நின்று கேளுங்கள்.